ஜெர்மனிக்குச் செல்லும் செவிலியருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மனியில் செவிலியர் தேவை என்று தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த செய்திகளைப் படித்த பிறகே ஜெர்மன் மொழி கற்று, பி2 எனப்படும் மேல்-இடைநிலை மொழித் தேர்வில் தேறி, ஐந்து மாதங்களுக்கு முன் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் பணியில் சேர்ந்தேன். சம்பளம், விசா, தேர்வு ஆகியவற்றைப் பற்றி யாரைக் கேட்டாலும் விவரமாகச் சொன்னார்கள். வார்டுக்குள் போன பிறகு என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வரவிருக்கும் தங்கைகளுக்காக அதை எழுதுகிறேன்.

மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஏழு ஆண்டுகள் பணியாற்றியபோது ஊசி போடுவதும், ரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றும் ஐ.வி. லைன் போடுவதும், ரத்தம் எடுப்பதும், கேஸ் ஷீட் எழுதுவதுமே என் வேலையாக இருந்தன. நோயாளியைத் துடைத்துவிடுவது, சாப்பாடு ஊட்டுவது, கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது எல்லாம் உடன் தங்கியிருக்கும் மகளோ மருமகளோ பார்த்துக்கொள்வார்கள். இங்கே நோயாளியுடன் இரவு பகலாகத் தங்கும் உறவினர் என்று பொதுவாக எவரும் இல்லை. வருகிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஆகவே, காலை ஆறு மணிக்கு டூட்டி தொடங்கியதும் உடம்பு துடைப்பது, பல்செட்டைக் கழுவிப் பொருத்துவது, டயப்பர் மாற்றுவது, ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சிறு துண்டுகளாக நறுக்கி வைப்பது என அனைத்தையும் தகுதி பெற்ற செவிலியரே செய்கிறார். ஐ.வி. லைன் போடுவதும் ரத்தம் எடுப்பதும் எங்கள் வார்டில் பெரும்பாலும் மருத்துவர்களின் பொறுப்பு.

முதல் இரண்டு வாரங்கள், படித்த படிப்பெல்லாம் வீணாகிவிட்டதே என்று இரவில் அழுதேன். என்னுடன் வந்த தோழி ஒருத்தி மூன்றாம் மாதமே ஊருக்குத் திரும்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இதுதான் வேலை என்று முன்பே தெரிந்திருந்தால் அவள் மனத்தைத் தயார்செய்துகொண்டு வந்திருப்பாள், அல்லது வராமலே இருந்திருப்பாள்.

என் எண்ணம் மாறியது ஒரு மூதாட்டியை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்த காலையில்தான். இடுப்புக்குக் கீழே சிறிய சிவப்புத் திட்டு தெரிந்தது. எனக்குப் பயிற்சி அளித்த மூத்த செவிலியர் அதன்மேல் விரலை வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்திய இடம் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றது. படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இந்தச் சோதனையை நானும் கல்லூரியில் படித்து மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால், துடைக்கும் வேலை என் கையில் இல்லாததால் அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. உடம்பு துடைப்பதும் செவிலியப் படிப்பின் பகுதிதான் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

அடுத்தது மொழி. நாங்கள் வகுப்பில் கற்றது புத்தக ஜெர்மன். இங்குள்ள முதியவர்கள் பேசுவதோ ஸ்வாபிய வட்டார வழக்கு. 'ஹேபன்' என்றால் தூக்குவது என்று படித்திருந்தேன். இவர்களுக்கு அது பிடித்துக்கொள்வது. கட்டிலோரம் நின்று தள்ளாடிய பெரியவர் ஒருவர் தம்மைப் பிடித்துக்கொள்ளச் சொன்னபோது நான் தூக்க முயன்று, இருவரும் விழப் பார்த்தோம். 'ஃபூஸ்' என்பது புத்தகத்தில் பாதம். இங்கே இடுப்பு முதல் விரல் வரை எல்லாமே ஃபூஸ்தான், நாம் முழுக்காலையும் கால் என்று சொல்வதைப் போல. அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் ஃபூஸ் வலிக்கிறது என்றபோது நான் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலி கெண்டைக்காலில் இருந்தது. அது காலில் ரத்தம் உறைந்திருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். ரத்தம் உறையும் ஆபத்துள்ள நோயாளியிடம் இப்படிப்பட்ட பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் செவிலியர்கள் அறிவார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பட்டத்துக்கு 'அனெர்கென்னுங்' எனப்படும் அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் நிலையில்தான் சம்பளம்; அதைப் பெற, இங்குள்ள முறைக்குப் பழக்கும் தகவமைப்புப் பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டும். ஓய்வூதியக் காப்பீட்டுக்கு மட்டுமே சம்பளத்தில் 9.3 சதவீதம் பிடிக்கிறார்கள். மருத்துவக் காப்பீடும் வரியும் தனி. விளம்பரத்தில் கண்ட தொகையை அப்படியே கையில் வரும் தொகையாக எண்ணி வீட்டில் கடன் வாங்க வேண்டாம்.

1978 முதல் இயங்கிவரும் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், செவிலியர் கல்லூரிகளும், தனியார் மொழிப் பயிற்சி நிலையங்களும் முதல் வகுப்பிலேயே இவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கு ஓராண்டாவது பணியாற்றிய ஒருவரைக் காணொலியில் அழைத்து, ஒரு காலை டூட்டியை மணிவாரியாக விவரிக்கச் சொன்னால்கூடப் போதும். வார்டில் காதில் விழும் வட்டாரச் சொற்களை நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. கேட்கும் பயிற்சி நிலையத்துக்கு அதன் நகலை அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஜெர்மனி சென்ற செவிலியர் ஒருவர்