வெட்டுப்பட்ட மின் கேபிளை மறைத்துப் பள்ளத்தை மூடுவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
சென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சென்னை.

பொருள்: தெருப் பணிகளில் சேதமாகும் புதைவடக் கேபிள்கள் பற்றி உடனே தகவல் தரச் செய்தல், மூடப்பட்ட வடிகால் பகுதியில் கேபிள் சோதனை – வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியபோது, ஜேசிபியின் பல் பட்டு மின் கேபிள் கிழிந்தது. தெருவுக்கே கரண்ட் போயிருந்தால் அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். போகவில்லை. மேலுறையும் அதற்கடியில் உள்ள இரும்புக் கவசமும் மட்டும் பிளந்து, உள்ளே மின்சாரம் ஓடும் சிவப்பு கோர் வெளியே தெரிந்தது. மேஸ்திரி அதன்மேல் ஒரு சிமென்ட் சாக்கைச் சுற்றி, மண்ணைத் தள்ளச் சொல்லிவிட்டார். வயரிங் தொழில் செய்யும் எங்கள் சங்க உறுப்பினர் ஒருவர் மாடியிலிருந்து இதைப் பார்த்து, ஓடிவந்து வேலையை நிறுத்தினார். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குத் தகவல் சொன்னோம். லைன்மேன் வந்து தெருவோர மின்பகிர்வுப் பெட்டியான பில்லர் பெட்டியில் ஃபியூஸைப் பிடுங்கும் வரை ஜேசிபி டிரைவரை வண்டியைவிட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்திருந்தோம்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மேஸ்திரி மீது நடவடிக்கை வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கவலை அந்தச் சாக்கைப் பற்றியது.

முழுதாக அறுந்த கேபிள் தானே காட்டிக்கொடுத்துவிடும். சத்தம் வரும், ஃபியூஸ் போகும், வீடுகள் இருண்டுவிடும். அரைகுறையாகக் கிழிந்தது காய்ந்த மண்ணுக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்து, கிழிசலில் தண்ணீர் இறங்கியதும் மின்சாரம் மண்ணில் கசியத் தொடங்கும். தெரு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கும் பில்லர் ஃபியூஸ் சில ஆம்பியர் கசிவுக்கெல்லாம் போகாது. ஆளைக் கொல்ல அதில் சிறு பங்கே போதும். வீடுகளில் பொருத்தும் ஆர்சிடி என்ற கசிவுத் தடுப்பு சுவிட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும், சரி. ஆனால் அது அந்த வீட்டு வயரிங்கை மட்டும்தான் காக்கும். தேங்கிய தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை.

ஏன் மறைக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். சொன்னால் கேபிளை ஒட்டவைக்கும் ஜாயின்ட் செலவு, அபராதம், வேலை நின்ற நேரத்துக்கு ஜேசிபி வாடகை எல்லாம் ஒப்பந்ததாரர் தலையில் விழும். சொல்லாவிட்டால் ஒரு சாக்கும் நாலு கூடை மண்ணும் போதும். ஆகவே எங்கள் முக்கியக் கோரிக்கை இதுதான்: கேபிளில் அடிபட்டதும் தகவல் சொல்லி வேலையை நிறுத்தும் ஒப்பந்ததாரரிடம் அபராதம் வாங்கக் கூடாது. பழுதுச் செலவுக்கென்று ஒரு தொகையைப் பணி மதிப்பீட்டிலேயே ஒதுக்கிவிடலாம். மறைத்து மூடியது பின்னால் தெரியவந்தால் பில்லை நிறுத்தி, மின் ஆய்வாளர் விசாரணைக்கு அனுப்ப வேண்டும். மாவட்டத்தில் தெருவைத் தோண்டும் எல்லாத் துறைகளின் ஒப்பந்தங்களிலும் இந்த நிபந்தனை இடம்பெறத் தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

தோண்டுவதற்கு முன்பே தகவல் தெரிவிக்க ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற மத்திய அரசுச் செயலி 2023 மார்ச் மாதமே வந்துவிட்டது. மேஸ்திரியிடம் கேட்டால், “அப்படி ஒண்ணு இருக்கா சார்?” என்கிறார். அனுமதிக் கடிதம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது, கடப்பாரை அவர் கையில் இருக்கிறது. வேலை தொடங்கும் நாளில் மின்வாரிய ஊழியர் ஒருவர் வந்து கேபிள் போகும் தடத்தைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டட்டும். பில்லர் பெட்டிக்குப் பக்கத்தில் ஜேசிபியை இறக்கும் முன் கையால் சோதனைக் குழி எடுக்கட்டும். தாழ்வழுத்தக் கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் பதிக்க வேண்டும் என்கிறது ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தரநிர்ணயம். எங்கள் தெருவில் அது முழங்கால் ஆழத்தில்தான் கிடந்தது. ஆழத்தை நம்பித் தோண்ட முடியாது.

தொழிலாளர்களுக்கும் விவரம் சொல்லப்பட வேண்டும். இயந்திரம் கேபிளைத் தொட்டுவிட்டால் டிரைவர் இருக்கையிலேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் கிட்டே வரக் கூடாது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமானால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துக் குதித்து, பாதங்களைத் தரையில் தேய்த்தபடி சிறு சிறு அடியாக விலக வேண்டும். வேலைக்கு வருபவர்களில் பலர் பீகார், ஒடிசாக்காரர்கள். இந்த விவரம் இந்தியிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் தெரு கேபிளுக்கு ஜாயின்ட் போட்டாகிவிட்டது. ஆனால் இதே வடிகால் வேலை அடுத்த இரண்டு தெருக்களில் ஏற்கெனவே முடிந்து, பள்ளமும் மூடப்பட்டுவிட்டது. அங்கே எத்தனை சாக்குகள் புதைந்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அக்டோபருக்கு முன்பாக அந்த இரண்டு தெருக்களிலும் கரண்டை நிறுத்தி, மின்கசிவைக் காட்டும் மெக்கர் கருவியை வைத்துக் கேபிளைச் சோதிக்க உத்தரவிட்டு, சோதனை முடிவை எங்கள் சங்கத்துக்கும் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: கிழிந்த கேபிளின் புகைப்படங்கள், குடியிருப்போர் கையொப்பங்கள்.