சைக்கிளுக்கும் ஒரு பதிவு வேண்டும்

சிங்கப்பூர்க் காவல்துறைக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் வணக்கம்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் பூட்டோடு கம்பியில் நிற்கிறது. மீதியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்கைந்து சைக்கிள் தள்ளி, டயரில் காற்றில்லாமல், சங்கிலி துருப்பிடித்து இன்னொன்று. அதில் நகர மன்றத்தின் அறிவிப்புச் சீட்டு கட்டியிருக்கிறது: குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் அகற்றப்படும். அது யாரோ வேண்டாமென்று விட்டதா, அல்லது வேறு பேட்டையில் திருடி இங்கே போட்டுவிட்டுப் போனதா? யாருக்கும் தெரியாது. உரியவர் இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் தள்ளித் தேடிக்கொண்டிருக்கலாம்.

திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் கிடைத்த சைக்கிள் யாருடையது என்று எப்படிச் சொல்வது? புகார் கொடுப்பவர் என்ன சொல்வார்? கறுப்பு நிறம், முன்னால் கூடை உண்டு. அப்படி ஆயிரம் சைக்கிள் ஓடுகிறது. பெரும்பாலான சைக்கிள்களில் சட்டக எண் (frame number) ஒன்று, மிதிகட்டை அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றைத் துடைத்தால்தான் தெரியும். அதை எழுதி வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

வெளிநாட்டு ஊழியர்களின் பாடு இன்னும் மோசம். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், புதுக்கோட்டைக்காரர், ஊருக்குத் திரும்பிய நண்பரிடம் பழைய சைக்கிள் வாங்கி ஓட்டினார். ரசீது கிடையாது. எம்ஆர்டி நிலையத்தில் நிறுத்தியது காணாமல் போனபோது அவர் புகார் கொடுக்கவில்லை. "இது உன்னுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்னு கேட்டா என்னண்ணே சொல்றது?" என்றார். உங்கள் கணக்குக்கு வராத இப்படிப்பட்ட இழப்புகள் நிறைய இருக்கும் என்றே நினைக்கிறேன்.

2021இல் சாலைப் பாதுகாப்பை ஒட்டி சைக்கிள் பதிவு பற்றிய பேச்சு எழுந்தபோது, கட்டாயப் பதிவு வேண்டாம் என்று அரசின் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. சரியான முடிவுதான். பிழைப்புக்கு மிதிப்பவர் மேல் இன்னொரு சுமை கூடாது. நான் கேட்பது வேறு. விதி மீறியவரைப் பிடிக்க அல்ல, தொலைத்தவரிடம் சேர்க்க. கட்டாயமில்லாத, கட்டணமில்லாத பதிவு.

பதிவு நமக்குப் புதிதல்ல. மின்சைக்கிளுக்கு 2018இலிருந்தும் மின்ஸ்கூட்டருக்கு 2019இலிருந்தும் செய்துவருகிறீர்கள். ஜப்பானில் 1994 முதல் திருட்டுத் தடுப்புப் பதிவு சட்டப்படி கட்டாயம். சைக்கிள் வாங்கும் கடையிலேயே முடித்து ஒட்டுவில்லை ஒட்டித் தருகிறார்கள். பிரான்சிலும் 2021 முதல் கடைகளில் விற்கும் புதுச் சைக்கிள்களுக்கு அடையாள எண் உண்டு. இங்கே அரசின் மின்னடையாளச் சேவையான சிங்பாஸ் வழியாகச் சட்டக எண்ணையும் ஒரு படத்தையும் ஏற்றினால் போதும். உரித்தால் கிழிந்துபோகும் ஒட்டுவில்லை ஒன்று கொடுங்கள். விற்கும்போது பெயர் மாற்றவும் வழி இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய சைக்கிள் வாங்குபவர் எண்ணைத் தட்டிப் பார்க்கும் வசதி. திருட்டுப் புகார் இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். உரிமையாளரின் பெயர் தெரிய வேண்டாம். ஒட்டுவில்லையைச் சுரண்டலாம், எண்ணை அரத்தால் ராவலாம். ஆனால் ராவிய எண்ணைப் பார்த்ததும் வாங்க வந்தவர் யோசிப்பார். வாங்க ஆளில்லாத பொருளை எதற்குத் திருடுவது? அப்புறம், அகற்றும் சைக்கிள்களின் எண்ணை நகர மன்றங்களும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பாதிப் பலன் போய்விடும்.

நாட்டின் முதல் சைக்கிள் நகரமான தெம்பனிசிலேயே தொடங்கிப் பாருங்கள். கூடவே ஊழியர் தங்குவிடுதிகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போட்டு, தமிழிலும் வங்காளத்திலும் விளக்கிப் பதிந்து கொடுங்கள். தமிழ் பேசும் தொண்டூழியர்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் நண்பர்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
தெம்பனிஸ்வாசி ஒருவர்