8 பல்லும் 43 பல்லும்

பம்மல், சென்னை
மார்கழி 3

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான் செப்பனிட்ட பழைய பிக்கப் வண்டியைப் பாறையில் ஏற்றிப் பார்க்காமல் உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். ஏறிவிட்டது.

முதலில் உன் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு செய்தித்தாளின் சின்ன எழுத்தையும் வாசிக்கிறார். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் குனிந்து கோலம் போட வேண்டாம் என்று சொன்னேன். "மார்கழியில் வாசலை வெறுமையாக விடச் சொல்கிறாயா?" என்று கேட்டார். மறுநாள் காலை அந்தப் பக்கம் போனபோது வாசலை அடைத்து ஒரு பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ. நீ பொங்கலுக்கு வருவதைத்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இனி வண்டி. ஷார்ஜாவில் மணல்மேட்டில் ஓட்டுவதைப் பற்றி நீ எழுதியிருந்தாய். வேகம் குறைந்தால் சக்கரம் புதைந்துவிடும், அதனால் என்ஜினை முழக்கிக்கொண்டே ஏற வேண்டும் என்று. அப்படியிருக்க, அறுபது குதிரைத்திறன் கொண்ட ஒரு பழைய டீசல் என்ஜின் பாறையில் என்ன செய்யும் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. மணலுக்கும் பாறைக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான் இருக்கிறது. மணல் வேகத்தைக் கேட்கும். பாறையில் வேகமாகப் போனால் அச்சு உடையும், டயர் கிழியும், வண்டி கவிழும். அங்கே வேண்டியது, நின்றுவிட்டதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாக, ஆனால் விடாமல் சுழலும் சக்கரம். அந்த மெதுவைக் கொடுப்பது என்ஜின் இல்லை, கியர்தான்.

கணக்கைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். வண்டி எண்பதுகளில் வந்த மஹிந்திரா பிக்கப், முன் அச்சும் இழுக்கும் வகை. அடிப்பகுதி எல்லாம் வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தது. என்ஜினைப் பின்னாளில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இப்போது இருப்பது பியூஜோ எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. 2112 சிசி. கியர்பாக்ஸ் பழைய மூன்று கியர் பெட்டி. அதில் முதல் கியர் 2.8 மடங்கு குறைக்கிறது. பலத்தை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸை லோவில், அதாவது மெதுவான நிலையில், போட்டால் இன்னும் 2.46 மடங்கு. கடைசியாக அச்சில் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல், அதாவது 5.375. மூன்றையும் பெருக்கு, 37 வரும். என்ஜின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஆக்சிலரேட்டரில் காலே வைக்காமல் நிமிடத்துக்கு 700 சுற்றில் என்ஜின் தானாக ஓடும்போது, 31 அங்குல டயரில் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே. உன் அம்மா கோயிலுக்கு நடக்கும் வேகம்.

2018இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகானில், கையால் கியர் போடும் வகையில், இந்தப் பெருக்கல் 84 வரும். அந்தப் பெயர் வந்த ரூபிகான் பாதை கலிஃபோர்னியாவில் டாஹோ ஏரியை நோக்கிப் போகும் பாறைக்காடு. 1953இல் அங்கே ஜீப்காரர்கள் கூட்டமாகப் போகத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவை நம் வண்டியின் மூதாதைகள்தாம். 84 என்ற கணக்கெல்லாம் அப்போது கிடையாது. அதனால் 37 போதும் என்று துணிந்தேன்.

வண்டி கிடைத்த கதையைத் தொலைபேசியில் பாதிதான் சொன்னேன். முடிச்சூரில் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் அந்தப் பகுதிக்குள் புகுந்தபோது இருக்கை வரை மூழ்கியிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பின் அச்சின் ஆயில் பிளக்கைக் கழற்றினேன். எண்ணெய்க்குப் பதிலாக, ஆறிப்போன காபி போல ஒன்று வழிந்தது. அச்சுக்குள் சூடாகும் காற்று வெளியேற ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். அதன் வழியாக வெள்ளம் உள்ளே போய் எண்ணெயோடு கலந்து, ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றிருக்கிறது. பேரிங் உருளைகளில் எல்லாம் துருப்பள்ளம். இப்போது அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி ஓட்டுநர் அறை வரை மேலே கொண்டுபோய்விட்டேன். இருபது ரூபாய்க் குழாய். அது அன்றைக்கு இருந்திருந்தால் ஒரு அச்சு பிழைத்திருக்கும்.

சேசிஸ் வேறு வேதனை. இந்த ஊரின் உப்புக் காற்று எதையும் விடுவதில்லை. பின்தொட்டி உட்காரும் இடத்தில் சுத்தியலால் தட்டினால் டங் என்று கேட்க வேண்டிய சத்தம் பொத் என்று கேட்டது. அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம், ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு. பிரேக்கும் ஸ்டியரிங்கும் புதுசாக்கினோம். வண்டி கவிழ்ந்தால் காப்பாற்றத் தலைக்கு மேல் இணைப்பில்லாக் குழாயில் ஒரு கூண்டு. இவற்றை எல்லாம் நீ வரும்போது நேரில் பார்த்துக்கொள்.

பினியன் வேலையை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். புதுப்பேட்டையில் ஆதித்தனார் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. கதவுகள் ஒரு பக்கம், பம்பர்கள் ஒரு பக்கம், மலைபோல் கியர்பாக்ஸ்கள் ஒரு பக்கம். அங்கேதான் பாய் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். அச்சு வேலை ஒன்றைத் தவிர வேறு எதையும் கையில் எடுப்பதில்லை. என் கிரவுனைக் கழுவி, ஒவ்வொரு பல்லாகச் சாக்பீஸால் குறியிட்டு எண்ணி, நல்ல ஜோடிதான், வெள்ளம் பேரிங்கைத்தான் தின்றிருக்கிறது என்றார். பாரிமுனையில் நான்கு கடை ஏறி இறங்கிப் புது பேரிங் வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவர் செய்ததை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்து, கிரவுனில் நான்கைந்து பல்லின் மேல் மெல்லிசாகத் தடவினார். ஒரு மரத்துண்டைக் கிரவுனின் முதுகில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பினியனைக் கையால் சுற்றினார். பல்லும் பல்லும் உரசிய இடத்தில் சிவப்பு விலகி இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தடம் பல்லின் நுனியில் விழுந்திருந்தது. பினியன் உள்ளே போதவில்லை என்று அர்த்தம். கழற்றினார். பேரிங்குக்குப் பின்னால் ஷிம் என்ற, காகிதம் போல மெல்லிய ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தார். மறுபடி மாட்டி, மறுபடி தடவி, மறுபடி சுற்றினார். இப்போது தடம் பல்லின் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டது. கழற்றி, அதைவிட மெல்லிய ஷிம். ஒரு பகல் முழுவதும் நான்கு முறை. நான்காம் முறை தடம் பல்லின் நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு நீளவட்டமாக விழுந்தது. கிரவுனை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்து, "ஏழு இருக்கும்" என்றார். டயல் கேஜை வைத்தேன். அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே அந்த இடைவெளி இல்லாவிட்டால் பல் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் ஒவ்வொரு அசைவிலும் பல்லின் மேல் சுத்தியல் அடிதான். சேகர், நாம் பாலிடெக்னிக்கில் இதைப் படமாக வரைந்து மதிப்பெண் வாங்கினோம். அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது.

பின் டிஃபரன்ஷியலைப் பற்றவைத்துப் பூட்டிவிடலாமா என்று நீ சொல்லித்தான் யோசித்தேன். பூட்டிவிட்டோம். வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் அந்த டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்றப் பலமே வேண்டாம். அதனால் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. ஒன்று சும்மா சுழலும், வண்டி நிற்கும். பாறையில் எப்போதும் ஏதோ ஒரு சக்கரம் அந்தரத்தில்தான் இருக்கும். பாய் உள்ளே இருக்கும் சின்ன கியர்களைச் சூடாக்கி, பற்றவைத்து, சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டார். சட்டென்று குளிர்ந்தால் வெடித்துவிடுமாம். பினியனை அமைப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட்டார். முன் அச்சை அப்படியே விட்டுவிட்டேன். அதையும் பூட்டினால் ஸ்டியரிங் திரும்பாது.

இந்த நிலையில் வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது, ஓட்டவும் மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. வளைவில் பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுழலும் வண்டி, மழை நாளில் ஜி.எஸ்.டி. சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறோம். மதுராந்தகத்தைத் தாண்டி என் சித்தப்பாவின் நிலம் இருக்கிறதே, உழ முடியாமல் பாறையாகக் கிடக்கும் அந்த மூன்று ஏக்கர், அதுதான் களம்.

ஐப்பசியில் முதல் தடவை போனபோது தோல்வி. ஸ்பிரிங் பட்டைகளை அச்சுக்கு மேலே ஏற்றி வண்டியை உயர்த்தும் வேலையை வேறு ஒரு பட்டறையில் கொடுத்திருந்தேன். அவர்கள் பினியனின் மூக்கை டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிமிர்த்திப் பற்றவைத்துவிட்டார்கள். பார்வைக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அச்சுக்குப் போகும் தண்டு, இரண்டு முனையிலும் கிராஸ் என்ற சிலுவை வடிவ மூட்டு ஒவ்வொன்று உள்ளதாக இருந்தால், இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது ஈடுசெய்யும். இங்கே ஒரு முனையில் கோணமே இல்லை, மறு முனையில் மொத்தக் கோணமும். இரண்டாவது பாறையில் கிராஸ் உடைந்து தண்டு தரையில் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. அச்சின் இருக்கைகளை வெட்டி, பினியனை டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இணையாக வைத்துப் பற்றவைக்க ஒரு மாதம் போயிற்று. இந்த முறை நானே கோணமானியோடு கூட நின்றேன்.

போன ஞாயிறு. டயர்களில் காற்றை 30 பவுண்டிலிருந்து 12க்கு இறக்கினோம். நிலத்தின் வடக்கு மூலையில் இடுப்பளவு ஒரு பாறை, அதன் மேல் சாய்வாக இன்னொன்று. அக்கா மகன் முன்னால் நடந்து கையால் வழி காட்டினான். லோவில் முதல் கியர். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். முன் இடது டயர் பாறையைத் தொட்டது, அழுந்தியது, தேங்காயை உள்ளங்கை பற்றுவது போல விளிம்பைக் கவ்விக்கொண்டது. பிறகு மூக்கு எழுந்தது. என்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். பின் வலது சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் மேலே போனதை அவன் கத்திச் சொன்னான். பூட்டிய அச்சு என்பதால் இடது சக்கரம் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கல்லின் மேல் டயர் உரசும் முறுமுறுப்பு கேட்டது. வண்டி மேலே போய் நின்றபோது என் கை நடுங்கியது. இறங்கும்போது கிளட்சைத் தொடவே இல்லை. கியரே பிடித்து இறக்கியது.

மேலே உட்கார்ந்திருந்தபோது திரிசூலம் குவாரிதான் நினைவுக்கு வந்தது. பள்ளி விட்டதும் நாம் போய் உட்காருவோமே. கல் ஏற்றிய லாரி பள்ளத்திலிருந்து முனகிக்கொண்டே மேலே வரும். ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் ஒரு கை மட்டும் வைத்திருப்பார். அந்தக் கறுப்புக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இதே கல் என்பதால் ஹாலந்து என்ற நிலவியலாளர் வைத்த பெயர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவியை எடுத்ததும் நம் பல்லாவரத்தில்தான். நாம் அதன் மேல் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தோம்.

ஜனவரி 16 மாட்டுப் பொங்கல். 17ஆம் தேதிக்கு லாரி சொல்லிவைத்திருக்கிறேன். நீ 12ஆம் தேதியே வந்துவிட்டால் முந்தைய நாட்களில் ஒருநாள் பாயைப் பார்த்துவிட்டு வரலாம், உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வரும்போது டயர் காற்று இறக்கும் சின்னக் கருவி, வால்வில் திருகுவது, நான்கு வாங்கி வா. மணலில் ஓட்டுபவர்கள் வைத்திருப்பார்களே, அதுதான். அம்மாவுக்கு முழங்காலுக்குப் போடும் உறையும் கேட்டார், நடுத்தர அளவு.

உன் அன்புள்ள,
கண்ணன்