கத்தாதீர்கள், புகாராகப் பதியச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

பிரிட்டன் வங்கிகளின் வெளிநாட்டு கால் சென்டர் மீதான எரிச்சலுக்கு உச்சரிப்பைக் குறை சொல்வது பாதி உண்மைதான். பெங்களூரில் போனை எடுப்பவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அழைப்பு நீண்டால் வேலையில் அவருக்குத் தரப்படும் மதிப்பெண்ணும் குறையும். எனவே எழுதிக் கொடுத்ததையே வாசித்து, வேறு பிரிவுக்குத் தள்ளிவிடுகிறார். வாடிக்கையாளர்களின் இந்த எரிச்சலால்தான் சான்டாண்டர் வங்கி 2011இல் இந்தியாவிலிருந்த கால் சென்டர் சேவையை பிரிட்டனுக்கே மாற்றிக்கொண்டது.

போனை எடுப்பவரிடம் கத்திப் பயனில்லை, பாவம் அவர். "இதை முறையான புகாராகப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லி, புகார் எண், தேதி, நேரம், பேசியவர் பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக 8 வாரத்துக்குள் வங்கி இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் சுதந்திர அமைப்பு) இலவசமாக முறையிடலாம்; வங்கி இறுதிப் பதில் அனுப்பிய தேதியிலிருந்து 6 மாதம் வரைதான் அவகாசம்.

– வாசகர், லண்டன்