மாலை 6.20 நடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ஷல் நேசமணி பெயரில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று தனிப் போக்குவரத்துக் கழகம் இருந்த காலத்தில், 1986-ல், நடத்துநராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். 31 வருடம் தோளில் பையும் வாயில் விசிலுமாக ஓடினேன். கருங்கல் பக்கம் ஒரு சிற்றூர். அங்கிருந்து தக்கலைக்கு 10 கிலோமீட்டர்.

பஸ் ஒரு முறை போய்வருவதை நாங்கள் ‘நடை’ என்போம். காலை முதல் நடையில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களும், மீன் எடுக்க வெறுங்கூடையோடு குளச்சல் போகிற அம்மாமாரும் ஏறுவார்கள். 8.10 வண்டியில் பள்ளிப் பிள்ளைகள். உள்ளே நுழைந்து டிக்கெட் போட்டு முடிப்பதற்குள் திங்கள்சந்தை வந்துவிடும். போன வருடம் ஒரு திங்கட்கிழமை அதே 8.10 வண்டிக்காக நிறுத்தத்தில் நின்றேன். வண்டியில் இருந்தது எட்டே பேர். நான் காத்து நின்ற கால் மணி நேரத்தில் தக்கலைப் பக்கம் போன பைக், ஸ்கூட்டரை எண்ணிப் பார்த்தேன். 43. பெரும்பாலும் ஒற்றை ஆள்.

வீட்டுக்கு வந்து பிளஸ் டூ படிக்கும் பேத்தியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோலிலிருந்து அது எப்படி என்று கேட்டேன். பெட்ரோலில் உள்ள கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, அந்த எடையும் கூடுகிறது என்றாள். டீசல் என்றால் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ.

லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற பைக்கில் ஒருவர் தக்கலை போனால் 460 கிராம். லிட்டருக்கு 15 கொடுக்கிற காரில் தனியாகப் போனால் ஒன்றரைக் கிலோ. பஸ்ஸுக்கு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால் 2 லிட்டர் டீசல், 5.4 கிலோ. அதில் 50 பேர் இருந்தால் ஆளுக்கு 108 கிராம்தான். ஆனால் நான் பார்த்த அன்றுபோல எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 675 கிராம். பைக்கைவிட மோசம்! இதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த டீசல் எரியத்தான் போகிறது. ஓடுகிற வண்டியில் நாம் ஏறி உட்கார்ந்தால் கூடுதல் புகை அநேகமாக இல்லை. வீட்டில் நிற்கிற பைக்கின் 460 கிராம் முழுதும் மிச்சம்.

முப்பந்தலில் காற்றாலை சுற்றுவதை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டி நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். அந்தப் பெருமை நம் சாலைகளிலும் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் விளையில் (தோட்டத்தில்) வாழையும் ரப்பரும் ஒரே இரவில் சாய்ந்தன. தூத்தூர், வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. கரியமில வாயு கூடினால் கடல் சூடேறும், கடல் சூடேறினால் புயல் வலுக்கும் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரையும் அங்கே அழுதுகொண்டு நின்ற பெண்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கணக்கை எங்கள் தெரு சுயஉதவிக் குழுப் பெண்களிடம் சொன்னேன். பிள்ளைகளைத் தனியாக மெயின் ரோட்டுக்கு அனுப்பப் பயம் என்றார்கள். நியாயம்தான், முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும், டாரஸ் லாரி பாயும் சாலை. பிறகு அவர்களே ஒரு வழி கண்டார்கள். பதினொரு வீட்டில் முறை வைத்து, தினம் ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் 8.10 வண்டியில் ஏற்றிவிடுவது. ஜூன் மாதம் தொடங்கியது, மழையிலும் நிற்கவில்லை. வியாழக்கிழமை என் முறை. இப்போது அந்த வண்டியில் மறுபடியும் நின்றுகொண்டு போகிறார்கள்.

பெரியவர்களைத்தான் இன்னும் ஏற்ற முடியவில்லை. காரணம் மாலை 6.20 நடை. தக்கலையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த அந்த நடை, ஆள் இல்லாமல் நின்றுபோனது. ஆளில்லாமல் ஆக்கியது நாங்கள்தான், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் திரும்பி வர வண்டி இல்லாத ஊரில் காலையிலும் யாரும் பஸ் ஏற மாட்டார்கள். இது எந்த நடத்துநருக்கும் தெரிந்த சங்கதி. 2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பயணம் இலவசம். அப்படியிருந்தும் தக்கலையில் ஜவுளிக்கடையில் நிற்கும் என் மருமகள் ஸ்கூட்டரில்தான் போகிறாள். இரவு ஏழு மணிக்கு அவள் எதில் வருவாள்?

அந்த ஒரு நடையை மூன்று மாதம் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, கடைக்காரர்கள், ஆசிரியர்கள், குழுப் பெண்கள் என்று 62 பேர் கையெழுத்திட்ட மனு தயாராக இருக்கிறது. மாதத்தில் பாதி நாளாவது அதில் ஏறுவோம் என்று ஒவ்வொருவரும் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறார்கள். வெறும் கையெழுத்து வேண்டாம், இதையும் எழுதுங்கள் என்று வற்புறுத்தியது நான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் வாரம் ஒரு நாள் கிராமப் பேருந்துகளின் நேரத்தை அச்சிட வேண்டும். எந்த வண்டி எப்போது வரும் என்று தெரியாமலேயே பைக் சாவியை எடுக்கிறவர்கள் அதிகம். கருங்கல், திங்கள்சந்தை வட்டாரத்து நேரங்களை ஒவ்வொரு நிறுத்தமாக நின்று சரிபார்த்து நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
கருங்கல்.