சி.ஏ. இன்டரில் தவறியவர்கள் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சி.ஏ. எனும் பட்டயக் கணக்காளர் தேர்வு முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும் அகில இந்தியத் தரவரிசையில் இடம்பிடித்தவர்களின் படமும் பேட்டியும் நாளிதழ்களில் வருகின்றன. வரவேண்டியதுதான். ஆனால் அதே பக்கத்தை அன்று புரட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தேர்ச்சி பெறாதவர்கள். அவர்கள் காலக்கெடுவுக்குள் செய்தாக வேண்டிய வேலைகள் சில உண்டு. அதற்குள் வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் ஒரே யோசனை, வேறு கோச்சிங் சென்டரில் சேர்ந்து முதலிலிருந்து படி என்பதுதான். பலருக்கு அது தேவையே இல்லை. சி.ஏ.யின் இடைநிலைத் தேர்வான இன்டர்மீடியட்டை இரண்டாம் முறை எழுதப்போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் மதிப்பெண் பட்டியலைக் கணக்காகப் பார்க்க வேண்டும். இன்டரில் இரண்டு குரூப்; ஒரு குரூப்புக்கு மூன்று தாள், தாளுக்கு 100. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40, குரூப்பின் மொத்தத்தில் குறைந்தது 150 வேண்டும். 66, 52, 38 வாங்கியவரும் தவறியவர்தான். 55, 48, 46 வாங்கியவரும் தவறியவர்தான். முன்னவரின் மொத்தம் 156, ஒரே தாளில் இரண்டு மதிப்பெண் பள்ளம். பின்னவருக்கு எந்தத் தாளிலும் பள்ளமில்லை, மொத்தம் 149. எல்லாவற்றையும் பாதி ஆழத்தில் படித்திருக்கிறார். இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒருவருக்கு நிச்சயம் பலிக்காது.

அடுத்தது எக்ஸம்ப்ஷன், அதாவது தாள் விலக்கு. தவறிய குரூப்பில் ஏதாவது ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்திருந்தால் அடுத்த மூன்று அட்டெம்ப்டுகளுக்கு அந்தத் தாளை எழுத வேண்டாம். அந்த மதிப்பெண் அப்படியே மொத்தத்தில் சேரும். 60 வைத்திருப்பவர் மற்ற இரண்டு தாளில் சேர்த்து 90 எடுக்க வேண்டும். 72 வைத்திருப்பவருக்குக் கணக்குப்படி 78 போதும்; ஆனால் தாளுக்கு 40 கட்டாயம் என்பதால் நடைமுறையில் 80. மூன்று அட்டெம்ப்டிலும் முடியாமல் போனால் அந்த விலக்கை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது. ஆனால் மீதித் தாள்கள் ஒவ்வொன்றிலும் 50 எடுத்தாக வேண்டும். இதில் மாணவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதியவருக்குத்தான் இந்த விலக்கு. முதல் தாள் சொதப்பிவிட்டது என்று மூன்றாம் தாளுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தவர், இரண்டாம் தாளில் 70 எடுத்திருந்தாலும் அது கைக்கு வராது. எந்தத் தாள் எப்படிப் போனாலும் கடைசித் தாள் வரை எழுதிவிட்டு வாருங்கள் என்று பெற்றோர்களும் சொல்ல வேண்டும்.

இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதுவதா, ஒன்றை மட்டும் எழுதுவதா என்பது அடுத்த கேள்வி. சேர்த்து எழுதினால் ஒன்றின் உபரி மற்றொன்றின் குறையை ஈடுகட்டும். ஒரு குரூப்பில் 170, மற்றதில் 132, எல்லாத் தாளிலும் 40க்குக் குறையவில்லை என்றால் மொத்தம் 302, இரண்டும் தேர்ச்சி. தனித்தனியாக எழுதியிருந்தால் அந்த 132 தோல்விதான். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2024 முதல் இன்டர் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை நடப்பதால், முடிவுக்கும் அடுத்த தேர்வுக்கும் நடுவில் ஏறத்தாழ இரண்டு மாதம்தான் கிடைக்கிறது. அதற்குள் ஆறு தாளையும் முழுமையாகத் திருப்ப முடியுமா என்பதை மாணவரே நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். 600க்கு 270ஐத் தாண்டியவர் சேர்த்து எழுதலாம், 240க்குக் கீழே இருப்பவர் ஒரு குரூப்பை முடித்துக்கொண்டு மற்றதுக்குப் போகலாம் என்பது எங்கள் கருத்து. இடையில் இருப்பவர்கள் விலக்கு எத்தனை கையில் இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கலாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை, விடைத்தாளின் நகலை வாங்குவது. முடிவு வந்த ஒரு மாதத்துக்குள், தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் (ஐ.சி.ஏ.ஐ.) இணையதளத்தில் விண்ணப்பித்தால், திருத்தப்பட்ட விடைத்தாளின் சான்றிட்ட நகல் கிடைக்கும். வெரிஃபிகேஷன் என்பது வேறு. அதில் கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை ஏதும் உண்டா என்று மட்டுமே பார்ப்பார்கள். மறு மதிப்பீடு கிடையாது. 38 வாங்கியவர் வெரிஃபிகேஷனுக்குப் போடலாம், தவறில்லை; ஆனால் அதை நம்பிப் படிக்காமல் இருக்கக் கூடாது. நகலோ எத்தனை மதிப்பெண் எடுத்தவருக்கும் பயன்படும்.

நகல் வந்ததும் இன்ஸ்டிட்யூட் வெளியிடும் மாதிரி விடைகளான சஜஸ்டட் ஆன்சர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை எழுத வேண்டும். காரணம் நான்கே வகை: பாடமே தெரியாது; படித்தது மறந்துவிட்டது; தெரியும், ஆனால் நேரமில்லை; தெரியும், ஆனால் கேள்வியைத் தவறாகப் படித்துவிட்டேன் அல்லது அரைகுறையாக எழுதிவிட்டேன். முதல் வகைக்குத்தான் வகுப்பு தேவை. இரண்டாவதற்குத் திருப்புதல், மூன்றாவதற்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பது, நான்காவதற்கு எழுதியதை வேறொருவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவது. பெரும்பாலான விடைத்தாள்களில் மூன்றாவதும் நான்காவதுமே முன்னால் நிற்கின்றன. நகல் கைக்கு வரச் சில வாரம் ஆகலாம். அதுவரை நினைவிலிருந்தே இந்தப் பட்டியலைத் தொடங்கிவிடலாம்.

அரைகுறை விடைக்குச் சட்டத் தாளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கம்பெனி முந்தைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தை 2023 ஜூன் 20 அன்று நடத்தியது. 2024 மார்ச் 31இல் முடிந்த நிதியாண்டுக்கான கூட்டத்தை 2024 செப்டம்பர் 28 அன்று நடத்துகிறது, செல்லுமா? நிதியாண்டு முடிந்து ஆறு மாதம், அதாவது செப்டம்பர் 30 வரை நேரம் இருக்கிறது, ஆகவே சரி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 96ஆம் பிரிவில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்கு நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதன்படி கெடு செப்டம்பர் 20. இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கடைசி நாள்; கம்பெனிப் பதிவாளரிடம் நீட்டிப்பு வாங்கியிருந்தாலொழிய கம்பெனி தவறியிருக்கிறது. விடையில் முதலில் சட்டம் சொல்வது, பிறகு இந்தக் கேள்வியின் தேதிகள், கடைசியில் முடிவு என்று மூன்று பத்தியாக எழுதினால், முடிவில் பிசகினாலும் முதல் பத்திக்கான மதிப்பெண் கிடைக்க வாய்ப்புண்டு. பிரிவு எண் உறுதியாக நினைவில் இல்லையென்றால் எண் போடாமல் சட்டத்தை மட்டும் எழுதுவது நல்லது.

அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்கில் மதிப்பெண் இருப்பது ஒர்க்கிங் நோட்டில், அதாவது விடைக்கு வந்த கணக்கைக் காட்டும் குறிப்பில். தாய்க் கம்பெனிக்கும் துணைக் கம்பெனிக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பு கேட்டால், பங்குகளை வாங்குவதற்கு முந்தைய லாபம், பிந்தைய லாபம், சிறுபான்மைப் பங்கு, குட்வில் ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு, எண் போட்டு, விடையிலேயே இருக்க வேண்டும். ஓரத்தில் கிறுக்கிவிட்டு அடித்தால் திருத்துகிறவருக்கு அது தெரியாது. 180 நிமிடம், 100 மதிப்பெண்; மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம். 14 மதிப்பெண் கேள்விக்கு 25 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூடாது. இரு பக்கமும் பொருந்தவில்லை என்று 20 நிமிடம் வித்தியாசத்தைத் தேடினால், வேறிடத்தில் 11 மதிப்பெண் எழுதும் நேரம் போய்விட்டது. அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

இன்டரில் தாளுக்கு 30 மதிப்பெண் எம்.சி.க்யூ., அதாவது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கணக்குப்படி 54 நிமிடம், தேறியவர்கள் 45க்குள் முடிக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஒரு கேள்வியையும் காலியாக விடக் காரணமே கிடையாது. விடை வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒத்திவைத்து, ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். 1.45 முதல் 2 மணி வரை வாசிக்கத் தரும் 15 நிமிடத்தில், விருப்பக் கேள்விகளில் எதை விடுவது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

பழைய குறிப்பேட்டை எடுக்கும்போது ஒரு கவனம். வருமானவரியில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய 80சி இப்போது 123ஆம் பிரிவு; முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் கணக்குக்குப் பதில் வரி ஆண்டு என்ற ஒன்றுதான். தாம் எழுதும் அட்டெம்ப்டுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் பொருந்தும் என்பதை இன்ஸ்டிட்யூட்டின் அறிவிப்பில் பார்த்துவிட்டே புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஜி.எஸ்.டி.க்கும் இதே கவனம் வேண்டும். அந்தந்த அட்டெம்ப்டுக்கு இன்ஸ்டிட்யூட் வெளியிடும் ஆர்.டி.பி.யைப் (திருப்புதல் வினாவிடைத் தொகுப்பு) பார்க்காமல் போகவே கூடாது.

தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை. மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில்தான் எழுத வேண்டும். இரவு பத்து மணிக்கு மட்டுமே எழுதிப் பழகியவரின் கை மூன்று மணிக்குத் தளர்ந்துவிடும். தாளுக்குக் குறைந்தது மூன்று முழு நீள மாதிரித் தேர்வு வேண்டும். தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இத்தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும் என்பதால், தணிக்கை, சட்டத் தாள்களில் பாடம் நன்றாகத் தெரிந்தும் வாக்கியம் அமைக்க நேரம் போய்விடுகிறது. தினமும் இரண்டு விடைகளைக் கையால் ஆங்கிலத்தில் எழுதுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை; வாசித்துக்கொண்டே இருந்தால் வராது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். முடிவுச் செய்தியின் கீழே மூன்று தேதிகளைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள்: விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், வெரிஃபிகேஷனுக்குக் கடைசி நாள், அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள்.

இப்படிக்கு,
சி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள்