உன் வீட்டு தேரைக்குஞ்சுக்கு என்ன குடுக்கிறது

அன்புள்ள வாணி,

உன் மெசேஜ் பாத்தேன், ஃபோட்டோவும் பாத்தேன், பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தேன். மாடி தாமரைத் தொட்டில இருந்த தலைப்பிரட்டைக்கு நாலு காலும் வந்துடுச்சு, சின்னவன் அத டப்பால எடுத்து வச்சிருக்கான், ரெண்டு நாளா ஒண்ணும் சாப்டல, செத்துடுமோன்னு அழுறான்னு எழுதியிருந்தியே. போன்ல சொன்னா பாதி மறந்துடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

அவன மொதல்ல அழ வேண்டாம்னு சொல்லு. வால் இருக்கிற வரைக்கும் அதுக்கு நாம எதுவும் குடுக்க வேண்டாம், அந்த வால்தான் சாப்பாடே. வால் அறுந்து விழாது டி, கொஞ்சம் கொஞ்சமா உடம்புக்குள்ளயே கரைஞ்சு போகுது. அந்த சில நாள்ல உள்ள நடக்கிற வேலைய நெனச்சாலே எனக்கு சிலிர்க்கும். பாசிய சுரண்டித் தின்ன குட்டி வாய் போய் அகல வாய் வருது, சுருள் சுருளா நீளமா கிடந்த குடல் குட்டையாயிடுது, செவுள் மறைஞ்சு நுரையீரல் வேலைக்கு வருது. வீட்ட இடிச்சு கட்டுறப்ப அடுப்பு பத்த வைக்க முடியுமா சொல்லு, அது மாதிரிதான்.

ஆனா தண்ணி விஷயத்துல இப்பவே கவனமா இரு. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க கொல்லை பக்கெட்ல இதே மாதிரி வந்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது, நிறைய தண்ணி இருந்தா நல்லதுன்னு விட்டுட்டேன், காலைல மூணு குஞ்சு மிதந்துச்சு. தண்ணிலயே பொறந்தது தண்ணில மூழ்கிச் சாகும்னு யாருக்கு தோணும்? கால் வந்து செவுள் போனதும் அதுக்கு ஏறி உக்கார இடம் வேணும், வழவழன்னு இருக்கிற பக்கெட் ஓரத்துல அந்த வயசுல புடிப்பு கிடைக்கல. இன்னிக்கும் அது மனசுல இருக்கு. அதனால டப்பாவ சாய்ச்சு வை, ஒரு மூலைல மட்டும் விரல் நுனி நனையுற அளவு தண்ணி, மீதி இடத்துல ஈரமா பிழிஞ்ச தேங்கா நாரு, ரெண்டு காஞ்ச இலை, ஏற ஒரு குச்சி. மழைத் தண்ணி இருந்தா அதான் பெஸ்ட். குழாய்த் தண்ணின்னா குளோரின் போக ஒரு நாள் அகலமான பாத்திரத்துல திறந்து வச்சிட்டு ஊத்து. அது வாயால தண்ணி குடிக்காது, தோல் வழியாதான் இழுத்துக்கும், மூச்சும் ஓரளவு தோல் வழியாதான், அதனால சோப்பு கை, சானிடைசர் கை எதுவும் படக்கூடாது, அந்த ரூம்ல கொசுவத்தி, லிக்விட் எதுவும் வேண்டாம். வெயில்லயும் வைக்காத.

ஆகஸ்ட்ல தொட்டி ஓரத்துல சோப்பு நுரை மாதிரி என்னமோ ஒட்டியிருக்கு, கழுவி விடட்டுமான்னு கேட்டல்ல, அதுதான் இது. நம்ம பாத்ரூம் சுவத்துல ஒட்டிக்கிட்டு கிடக்குமே அந்த தேரை. தண்ணிக்கு மேல நுரை கட்டி அதுக்குள்ள முட்டை வைக்கும், பொறிஞ்சதும் குஞ்செல்லாம் கீழ தண்ணில சொட்டும். நல்லவேள நீ கழுவல. விரல் நுனில வட்டமா ஒட்டுற தட்டு இருக்கும், நாளைக்கே டப்பா சுவத்துல ஏறிடும், மூடிக்கு பதிலா கொசுவலைத் துணி கட்டி ரப்பர் பேண்ட் போடு.

இனி சாப்பாடு. வால் சுத்தமா போனப்புறம்தான். சோறு, பிரெட், மீன் தீனி ஒண்ணும் ஆகாது, அசையாதது எதுவும் அது கண்ணுக்கு சாப்பாடே இல்ல. உயிரோட இருக்கணும், அதோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற அகலத்த விட பெருசா இருக்கக் கூடாது. கட்டைவிரல் நகம் அளவு உடம்புக்கு எவ்ளோ பொடி பூச்சி வேணும்னு பாத்துக்கோ. ரொம்ப கனிஞ்ச வாழப்பழத்த ஒரு பாட்டில்ல போட்டு திறந்து வை, ரெண்டு நாள்ல பொடி ஈ மொய்க்கும், வாய மூடி அப்படியே டப்பாக்குள்ள தட்டி விடு. மக்கின இலைக்கு அடியில வெள்ளையா துள்ளுற பொடிப்பூச்சி இருக்கும், அதுவும் நல்லது. செம்பருத்தில அசுவினி இருந்தா குடுக்கலாம், மருந்து அடிச்ச செடின்னா கூடவே கூடாது. எறும்பு வேண்டாம், கடிக்கிற எறும்பு குஞ்சையே தின்னுடும். சாயங்காலம் இருட்டினப்புறம் போடு, அப்பதான் முழிச்சிருக்கும். சின்னவன கிட்ட உக்கார வச்சு காட்டு, முழுங்குறப்ப கண்ண மூடும் பாரு, அது தூக்கமோ ருசியோ இல்ல, கண்ணு ரெண்டும் உள்ள இறங்கி இரைய தொண்டைக்குள்ள தள்ளிவிடுது. எனக்கு மொத தடவ பாத்தப்ப கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் படியளக்குறவன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்கல்ல, அன்னிக்கு அந்த படிய என் கையால அளந்தேன்டி.

ஆனா ரொம்ப நாள் வச்சுக்காத. ரெண்டு மூணு தடவ நல்லா சாப்ட்டதும் விட்டுடு. வெறும் பழ ஈயே தின்னா கால்சியம் பத்தாம எலும்பு வளைஞ்சுடும், வெளிய அதுக்கு நூறு வகை இரை இருக்கு. உங்க கொல்லைல கொண்டு வந்து விடட்டுமான்னு கேட்டியே, வேண்டாம்டி, வருத்தப்படாத. தவளைங்கள கொல்ற ஒரு பூஞ்சை இருக்கு, தோல்லயும் தண்ணிலயும் ஒட்டிட்டு ஊர் விட்டு ஊர் போகும், உலகம் பூரா எத்தனையோ இனம் அதால அழிஞ்சிருக்கு. எங்க பொறந்துச்சோ அங்கயே, அந்த தாமரைத் தொட்டிகிட்டயே, மழை விட்ட ஒரு சாயங்காலமா பாத்து செடி மறைவுல விடு. பகல்ல விட்டா காக்கா சும்மா விடாது.

அப்பா இருந்திருந்தா இத கேட்டு சந்தோஷப்பட்டிருப்பார். நம்ம நாட்டுலேருந்து தவளைக்கால் வெளிநாட்டுக்கு போயிட்டிருந்துச்சு, வயல்ல இருக்கிற பெரிய தவளைதான் அதுல மாட்டும், 1987ல ஏற்றுமதிய தடை பண்ணாங்க. பூச்சிய தின்னுறவன வித்துட்டு அந்த காசுல பூச்சி மருந்து வாங்குறோம்னு அப்பா கோவப்படுவார், அந்த கோவம் இப்பதான் எனக்கு புரியுது.

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் மழைல ஜாஸ்தி, நீ அனுப்பின தைலம் தினம் தேய்ச்சு விடுறேன். மயிலாடுதுறைல மூணு நாளா விடாத மழை, நேத்து ராத்திரி பாத்ரூம் ஜன்னல்ல டக் டக் டக்னு கத்த ஆரம்பிச்சுது, "உன் புள்ள வந்துட்டான்டி"ன்னு அம்மா படுக்கைலேருந்தே சொன்னாங்க, நானும் எந்திரிச்சுப் போய் லைட் போடாம நின்னு கேட்டுட்டு வந்தேன்.

வால் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு நாளைக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பு, வாழப்பழத்த இன்னிக்கே எடுத்து வச்சிடு.

உன்
கமலா